தமிழ் வேதாகம ஆய்வு மென்பொருள்: குவியும் வேண்டுகோள்களுக்கு எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: கோவையில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். தமிழில் வேதாகம ஆய்வு மென்பொருள் ஒன்றை வெளியிட்டிருக்கிறோம். திருப்பூர், தாராபுரம், கோபி, கரூர் பக்கமிருந்து போதகர்களும் உபதேசியார்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் வாங்குகிறார்கள். இன்னும் பல மொழிபெயர்ப்புகள் வேண்டும், மூலச் சொல்லைக் காட்டும் கிரேக்க எபிரெய எண்கள் வேண்டும், விளக்கவுரைகள் வேண்டும், இலவசமாக வேண்டும் என்று வேண்டுகோள்கள் குவிகின்றன. எதைச் செய்வது, எதை மறுப்பது, எப்படிப் பதில் எழுதுவது?

பதில்:

இத்தகைய மென்பொருளுக்கு வாடிக்கையாளர் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வந்த வேண்டுகோளை அப்படியே பட்டியலில் ஏற்றி, அதிகம் பேர் கேட்டதை முதலில் செய்வது என்று தொடங்கினால், நல்ல மென்பொருளும் வராது, மனநிறைவுள்ள வாடிக்கையாளரும் கிடைக்கமாட்டார். கேட்டவர் சனிக்கிழமை இரவு பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்யும்போது எந்த இடத்தில் தடுமாறினார் என்று விசாரித்து அறிவதுதான் உங்கள் முதல் வேலை. அந்தத் தடுமாற்றத்துக்கு அவரே ஒரு தீர்வை யோசித்து, அதைத்தான் உங்களிடம் வேண்டுகோளாகச் சொல்கிறார். தடுமாற்றம் உண்மை. தீர்வு அவருடைய ஊகம்.

கோபி பக்கத்துப் போதகர் ஒருவர், வயதில் பெரியவர், எழுத்தை இன்னும் பெரிதாக்கித் தரும்படி மூன்று முறை எழுதினார். எழுத்து ஏற்கெனவே திரை கொள்ளும் அளவுக்குப் பெரிதாகும் வசதி இருந்தது. அதைச் சொல்லிப் பதில் அனுப்பினால் கடமை முடிந்தது என்று விட்டிருக்கலாம். தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, எந்த நேரத்தில் சிரமமாக இருக்கிறதுங்க?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் கைபேசியைப் பிரசங்க மேடையில் வைத்துப் படிக்கிறார். இரண்டு நிமிடம் பேசுவதற்குள் திரை அணைந்துவிடுகிறது. மறுபடி தொடும்போது விரல் பட்டுப் பக்கம் வேறு எங்கோ ஓடிவிடுகிறது. சபை காத்திருக்க, வசனத்தைத் தேடி அவர் கண் திணறுகிறது. அந்தப் பதற்றத்தில் எழுத்து சிறிதாக இருப்பதுபோல் அவருக்குத் தோன்றியிருக்கிறது. திரை அணையாமலும் தொட்டால் நகராமலும் இருக்கும் ‘மேடை நிலை’ ஒன்றைச் சேர்த்தோம். அதைக் கேட்டு ஒருவர்கூட அதுவரை எழுதியதில்லை. வெளியிட்ட பிறகு அதைப் பற்றி வந்த நன்றிக் கடிதங்கள் வேறு எந்த வசதிக்கும் வந்ததில்லை.

கொங்கு நாட்டில் வாடிக்கையாளர் எப்படிக் கேட்பார் என்பதையும் கவனியுங்கள். இணையதளத்தில் படிவம் வைத்தால் அதை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் நகரத்து இளைஞர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து, இரவு வீட்டு ஜெபக்கூட்டம் நடத்திவிட்டு வருகிறவர் படிவம் நிரப்பமாட்டார். பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒலிச்செய்தி அனுப்புவார். காங்கேயம் பக்கத்துக் கிராமத்து உபதேசியார் ஒரே ஒரு முறைதான் சொல்வார். பதில் வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார், இரண்டாம் முறை சொல்லவும் மாட்டார், மென்பொருளைத் திறப்பதை மட்டும் நிறுத்திவிடுவார். ஆகவே வாக்கு எண்ணிக்கையை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒலிச்செய்தியில் வந்ததையும், ஆலய வாசலில் நின்று சொன்னதையும் உங்கள் ஊழியரே எழுதிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். யார், எந்த ஊர், எந்தச் சபை, என்ன செய்துகொண்டிருக்கும்போது கேட்டார் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

சபை எது என்பது முக்கியம். கொங்கு மண்ணில் லண்டன் மிஷன் 1827-இல் சேலத்திலும் 1830-இல் கோவையிலும் ஊழியத்தைத் தொடங்கியது. கரூர், தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மிஷன் வேரூன்றியது. இன்றைய தென்னிந்தியத் திருச்சபையின் கோவைத் திருமண்டலம் 1950-இல் உருவானது. கருமத்தம்பட்டி போன்ற இடங்களில் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறு இவற்றுக்கெல்லாம் முந்தையது. இவர்களோடு பெந்தெகொஸ்தே சபைகளும் இருக்கின்றன. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் ‘சங்கீதம்’ என்று தட்டச்சு செய்வார், இன்னொருவர் ‘திருப்பாடல்கள்’ என்று செய்வார். ஒருவருக்கு ‘ஆதியாகமம்’, மற்றவருக்கு ‘தொடக்க நூல்’. இரண்டு பெயரும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சீர்திருத்தச் சபையாருக்கு 66 நூல்கள், கத்தோலிக்கருக்கு 73. இணைத் திருமுறை எனப்படும் அந்த அதிகப்படியான ஏழு நூல்களை நீக்குங்கள் என்று ஒருவரும், ஏன் சேர்க்கவில்லை என்று இன்னொருவரும் எழுதுவார்கள். நடுவராக உட்கார உங்களுக்கு உரிமையில்லை. அவரவர் தம் அலமாரியைத் தாமே தேர்ந்துகொள்ளும்படி செய்துவிட்டு, இருவருக்கும் மரியாதையாக அதையே எழுதுங்கள். போதகருக்கு "ஸ்தோத்திரம் ஐயா" என்றும் ஃபாதருக்கு "இயேசுவுக்கே புகழ்" என்றும் தொடங்கத் தெரிந்த ஒருவர் உங்கள் பதில் மேசையில் இருக்கட்டும்.

இனி, எதை முதலில் செய்வது? என் உறுதியான கருத்து: தேடல். புத்தகங்களைச் சேர்க்கச் சொல்லி வரும் வேண்டுகோள்களில் பலவற்றுக்கு அடியில் இருப்பது தேடலின் குறைதான். "இந்த மொழிபெயர்ப்பில் வசனம் கிடைக்கவில்லை, வேறு சேருங்கள்" என்கிறார்கள். வசனம் இருக்கிறது, உங்கள் மென்பொருளுக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

அன்பைப் பற்றிப் பிரசங்கிக்க விரும்பும் ஒருவர் ‘அன்பு’ என்று தேடுகிறார். 1 யோவான் 4:8 வரவில்லை. வேதாகமத்தில் அன்பைப் பற்றி இதைவிடப் பெயர்பெற்ற வசனம் எது? சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனத்தில் இருக்கும் சொற்கள் ‘அன்பில்லாதவன்’, ‘அன்பாகவே’. இரண்டிலும் ‘அன்பு’ என்ற எழுத்துக்கோவை கிடையாது. பு என்பது ஒன்றில் பி ஆகிவிட்டது, மற்றதில் பா ஆகிவிட்டது. ‘விசுவாசம்’ என்று தேடினால் எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தில் வசனத்துக்கு வசனம் வரும் ‘விசுவாசத்தினாலே’ அகப்படாது, அதன் முதல் வசனத்தின் ‘விசுவாசமானது’கூட அகப்படாது. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட தேடல் நிரலைத் தமிழ் எழுத்தின்மேல் போர்த்தினால் இப்படித்தான் ஆகும். வேற்றுமை உருபு ஒட்டும்போது சொல்லின் ஈறே மாறிவிடும் மொழி நம்முடையது. புணர்ச்சியில் க், ச், த், ப் மிகுவதால் முழுச்சொல் தேடலும் தவறிப்போகும்.

இதைச் சரிசெய்யத் தமிழ் இலக்கணம் முழுவதையும் கணினிக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. உங்கள் கையில் இருக்கும் நூல் முடிந்த நூல். நாளிதழ்போல் நாளைக்குப் புதுச் சொல் எதுவும் அதில் வராது. அதில் வரும் சொல்வடிவங்கள் அனைத்தையும் ஒருமுறை பிரித்தெடுத்து, தமிழ் படித்த ஒருவரை உட்காரவைத்து, ‘அன்பு, அன்பின், அன்பினால், அன்பாகவே, அன்பில்லாதவன்’ என்று குடும்பம் குடும்பமாகக் கையால் தொகுக்கச் செய்யுங்கள். சில மாத வேலை. ஒருமுறை முடித்தால் அந்த மொழிபெயர்ப்பு இருக்கும்வரை பயன்படும். தேடல் முடிவிலும் எந்தெந்த வடிவங்களைச் சேர்த்துத் தேடினோம் என்று காட்டுங்கள், வேண்டாததைப் பயனர் நீக்கிக்கொள்ளட்டும்.

கூடவே எழுத்துக் குறியீட்டையும் கவனியுங்கள். இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடில் ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ‘ஔ’ எழுத வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். நூலையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். போதகர்களின் பழைய பிரசங்கக் குறிப்புகள் பல பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றை ஒட்டினால் புரியாத குறிகளாக வருகின்றன. "உங்கள் மென்பொருளில் எழுத்து உடைகிறது" என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இதுதான். பழைய எழுத்துருவை யுனிகோடாக மாற்றும் பொத்தான் ஒன்று போதும்.

இன்னொரு வகைக் கடிதம் வரும், கோபமாக வரும்: "வசனத்தை ஏன் நீக்கினீர்கள்?" மத்தேயு 17:21, அப்போஸ்தலர் 8:37 போன்றவை புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் மூலப்பகுதியில் இருக்காது. மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அவை இல்லை என்பதால் அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். பழைய மொழிபெயர்ப்பிலேயே வளர்ந்தவருக்கு இது வேதத்தில் கைவைத்ததாகவே படும். அவர் பயம் நியாயமானது, அதைச் சிறுமைப்படுத்தும் ஒரு சொல்கூடப் பதிலில் இருக்கக் கூடாது. அந்த எண்ணைத் திரையில் வெறுமையாக விடாமல், அங்கேயே ஒரு வரிக் குறிப்பு வைத்து, அடிக்குறிப்பில் வசனத்தையும் காட்டுங்கள். எண் வேறுபாடும் இப்படித்தான். எபிரெய மூலத்தைப் பக்கத்தில் வைத்தால் சங்கீதம் 51-இன் தலைப்பே இரண்டு வசனங்களாக எண்ணப்பட்டிருக்கும், நம் முதல் வசனம் அங்கே மூன்றாவது. யோவேல் நமக்கு மூன்று அதிகாரம், எபிரெயத்தில் நான்கு. மல்கியா நமக்கு நான்கு, அங்கே மூன்று. இந்த எண்களைப் பொருத்திக் காட்டும் இணைப்பட்டியல் இல்லாமல் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்தால் தவறான வசனம் எதிரே நிற்கும், அதை வைத்து ஒருவர் பிரசங்கமும் செய்துவிடுவார்.

கிரேக்க எபிரெய எண்கள் பற்றி. வேதாகமத்தின் ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுக்கும் ஸ்ட்ராங் அகராதி 1890-இல் வெளிவந்தது, ஆங்கில ஜேம்ஸ் அரசர் பதிப்புக்காகச் செய்யப்பட்டது. அதன் எண்களைத் தமிழ் வசனத்தில் ஏற்ற வேண்டுமானால் எந்தத் தமிழ்ச் சொல் எந்த மூலச் சொல்லுக்கு ஈடு என்று வசனம் வசனமாக மனிதர் உட்கார்ந்து பொருத்த வேண்டும். தமிழில் வினை கடைசியில் வரும், மூலத்தின் இரண்டு சொல் இங்கே ஒன்றாகும், ஒன்று மூன்றாகும். ஜேம்ஸ் அரசர் பதிப்பின் கணக்குப்படி புதிய ஏற்பாட்டில் மட்டும் 7,957 வசனங்கள். வசனத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் ஆயிரத்து முந்நூறு மணி நேரத்துக்கு மேல். கிரேக்கம் தெரிந்த ஒருவரின் மணி நேரம் அது. "சீக்கிரம் சேர்க்கிறோம்" என்று எழுதிவிடாதீர்கள். பிலிப்பியர் நிருபத்தில் 104 வசனங்கள்தான். அதை மட்டும் முழுமையாகச் செய்து வெளியிடுங்கள், எத்தனை நாள் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை பேர் அந்த எண்ணை உண்மையில் தொட்டுப் பார்த்தார்கள் என்றும் பாருங்கள். அதன்பின் மீதிக்கு ஒரு கணக்குச் சொல்ல உங்களால் முடியும்.

விளக்கவுரை கேட்பவர்களுக்கு எழுதும் பதிலில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் சறுக்குகின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. வேதாகம உரையாசிரியர் மத்தேயு ஹென்றி 1714-இல் இறந்தவர், அவருடைய ஆங்கில உரை யாருக்கும் சொந்தமில்லை. அதன் தமிழாக்கத்தைச் செய்தவர் 1980-இல் இறந்திருந்தால் அந்தத் தமிழாக்கம் 2040 முடியும்வரை அவருடைய வாரிசுகளுடையது. "இணையத்தில் சும்மா கிடக்கிறதே, ஏன் சேர்க்கக் கூடாது?" என்று கேட்பார்கள். சும்மா கிடப்பது அனுமதி ஆகாது. மொழிபெயர்ப்புகளுக்கும் அப்படியே. ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் வந்த பழைய மொழிபெயர்ப்பின் உரிமை நிலை வேறு, 1995-இல் வந்த, கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தின் நிலை வேறு. நீங்கள் எடுத்துக்கொள்ளும் மின்பதிப்பு எந்த அச்சிலிருந்து வந்தது என்று பார்த்து, வெளியீட்டாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

மறுப்புக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், ஏறக்குறைய இப்படி: "ஸ்தோத்திரம் ஐயா. நீங்கள் கேட்ட விளக்கவுரையின் தமிழாக்கத்துக்கு உரிமை மொழிபெயர்ப்பாளரின் குடும்பத்தாரிடம் இருக்கிறது. அவர்களுக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. அனுமதி கிடைக்காமல் சேர்க்கமாட்டோம். ரோமர் நிருபத்துக்கு ஆயத்தம் செய்வதாகச் சொன்னீர்கள். இப்போதே மென்பொருளில் இருக்கும் இணைவசனப் பகுதியை ரோமர் நான்காம் அதிகாரத்தில் திறந்தால் ஆபிரகாமைப் பற்றிய ஆதியாகம வசனங்கள் பக்கத்திலேயே வரும். அனுமதி கிடைத்தால் உங்களுக்கு முதலில் தெரிவிப்போம்." காரணம் இருக்கிறது, செய்த முயற்சி இருக்கிறது, இன்றைக்கு உதவும் வழி ஒன்று இருக்கிறது. தேதி இல்லை. வேலை முடிந்து சோதனையில் இருக்கும் வசதிக்கு மட்டும் தேதி சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் செய்துகொண்டிருக்கிறோம், செய்யமாட்டோம், இன்னும் முடிவெடுக்கவில்லை என்ற மூன்றில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னால் போதும். "பரிசீலிக்கிறோம்" என்ற சொல்லைப் பதில் மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதைப் படிக்கிறவருக்கு அது ஆம் என்றே கேட்கும்.

இலவசமா, விலையா என்பதில் சுற்றி வளைக்காதீர்கள். ஈ-சோர்ட் என்ற வேதாகம மென்பொருள் 2000 முதல் விண்டோஸ் கணினிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கிராஸ்வயர் அமைப்பின் சோர்ட் என்ற வேதாகம மென்பொருள் திட்டம் திறந்த மூலம், அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். உங்கள் வாடிக்கையாளருக்கு இவை தெரியும். படிப்பதும் தேடுவதும் இலவசமாக இருக்கட்டும், உரிமைத்தொகை கட்டிச் சேர்த்த நூல்களுக்கு விலை வையுங்கள், அந்தக் காரணத்தை விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். லோகோஸ் என்ற வேதாகம மென்பொருள் நிறுவனத்திடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு வழக்கம் முன்பதிவு: ஒரு நூலை அறிவித்து, செலவுக்கு ஈடாகும் அளவு பேர் பதிவு செய்த பிறகே வேலையைத் தொடங்குவார்கள். எத்தனை பேருக்கு உண்மையில் வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும். கரூரிலும் உடுமலையிலும் இருக்கும் சிறு சபைகளுக்கு மாதச் சந்தா பாரமாக இருக்கும். காணிக்கை சீராக வருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, அறுப்பின் பண்டிகையை ஒட்டிச் சபையாகச் சேர்ந்து கட்டும் வழி ஒன்றை வையுங்கள்.

சின்னச் சின்ன வேண்டுகோள்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறம், பின்னணி, தினவசனப் படம் எல்லாம் கை ஓய்ந்திருக்கும்போது செய்யலாம். இணைய இணைப்பு இல்லாமல் இயங்குவது மட்டும் அந்தப் பட்டியலில் சேராது. சத்தியமங்கலத்துக்கு மேலே மலைக் கிராமங்களுக்குப் போகும் ஊழியர்களுக்கு அது அடிப்படைத் தேவை. புதுப்பிப்பை ஒருபோதும் சனிக்கிழமை மாலை வெளியிடாதீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை நல்ல நேரம். பிழை இருந்தாலும் ஞாயிறுக்குள் திருத்திவிடலாம்.

யாரும் கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குறிப்புகளை வெளியே எடுக்கும் வழி. பைபிள்வொர்க்ஸ் என்ற மென்பொருள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்களின் கையில் இருந்தது. 2018-இல் அந்த நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. உங்கள் நிறுவனமும் ஒருநாள் மூடப்படலாம், விற்கப்படலாம். ஒரு போதகர் பத்து ஆண்டு பிரசங்கக் குறிப்புகளை உங்களை நம்பி அதில் எழுதிவைத்திருப்பார். ஒரே பொத்தானில் எல்லாக் குறிப்பும் வசன எண்ணோடு சாதாரண உரைக் கோப்பாக வெளிவர வேண்டும், எந்தக் கணினியிலும் திறக்கும் யுனிகோடில் வர வேண்டும். அடுத்த பதிப்பில் இதையும் தேடலையும் மட்டும் செய்யுங்கள். புதுப்பிப்புக் கடிதத்தில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று படத்தோடு காட்டி, ஆண்டுக்கு இருமுறையாவது அதை அழுத்திக் கோப்பைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும்படி எல்லாருக்கும் எழுதுங்கள். கைபேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கோப்பு வாட்ஸ்அப்பிலேயே அவர்களுக்குப் போய்ச் சேரும்படி செய்துவிட்டால் இன்னும் நல்லது.